நானே டைப் அடித்த போக்கியப் பத்திரம்

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு வருகிறவர்களுக்கு மனு, மற்ற நாளில் வாடகை ஒப்பந்தம், கடன் பத்திரம், போக்கியப் பத்திரம். ஒரு நாளைக்கு நாலைந்து பத்திரமாவது என் கை வழியாகப் போகும். 2019 ஜூலை கடைசியில் ஒரு சாயங்காலம், கடை பூட்டுவதற்கு முன்னால், எனக்கே ஒரு போக்கியப் பத்திரம் அடித்துக்கொண்டேன். பழைய ஃபைலைத் திறந்து பெயரையும் தொகையையும் மாற்றினேன், 20 ரூபாய் முத்திரைத்தாளில் பிரிண்ட் எடுத்தேன், கையெழுத்துப் போட்டேன். ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய், மூன்று வருடம். அந்தப் பணத்தில் 65,000 ரூபாய் இன்றுவரை என் கைக்கு வரவில்லை. ஊருக்கெல்லாம் பத்திரம் அடிக்கிறவள் இப்படி ஏமாந்தாள் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போதும் மாதத்துக்கு இரண்டு பேராவது அதே மாதிரிப் பத்திரத்தோடு வருகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் போக்கியம் என்றால் எல்லோருக்கும் தெரியும். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் வாடகை இல்லை, காலம் முடிந்ததும் கொடுத்த தொகை முழுசாகத் திரும்ப வரும். வீட்டுக்காரருக்கு வட்டியில்லாக் கடன், நமக்கு வாடகையில்லா வீடு. கணக்குப் போட்டுப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அப்போது நான் சத்துவாச்சாரியில் 3,500 ரூபாய் வாடகையில் இருந்தேன். மூன்று வருடத்துக்கு 1,26,000 மிச்சம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்த்தேன். கணவர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர், 2017-இல் தவறிவிட்டார். அவருடைய பி.எஃப். பணம் ஒரு லட்சம் பேங்கில் கிடந்தது. மீதி ஐம்பதாயிரத்துக்கு இரண்டரைச் சவரன் சங்கிலியை அடகு வைத்தேன். அதற்கு மாதா மாதம் கட்டப்போகும் வட்டியை அந்தத் துண்டுத் தாளில் எழுத மறந்துவிட்டேன். மறந்தேனா, எழுத மனசு வரவில்லையா, தெரியாது.

வீடு கன்சால்பேட்டைப் பக்கம், நிக்கல்சன் கால்வாய் ஓரமாகப் போகும் ஒரு சந்தில். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை, சிமெண்ட் ஷீட் கூரை, மூலையில் அடுப்பு மேடை. கக்கூசும் குளிக்கிற இடமும் வெளியே, நான்கு குடும்பத்துக்குச் சேர்த்து ஒன்று. வீட்டுக்காரம்மா அடுத்த சந்தில் இருந்தார், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மாதிரியாகப் பேசுவார். "கரண்ட் பில்லு எம்பேர்ல, வீட்டு வரி எம்பேர்ல, வேற இன்னா வேணும் உனக்கு?" என்று ரெண்டு ரசீதையும் எடுத்துக் காட்டினார். பட்டா இருக்கா அக்கா என்று கேட்டேன். "எலெக்ஷன் முடியட்டும், குடுத்துடுவாங்க." ஏப்ரலில் வேலூருக்கு மட்டும் ரத்தான நாடாளுமன்றத் தேர்தல் ஆகஸ்ட் 5-ஆம் தேதி நடக்க இருந்த சமயம். ஆட்டோவில் மைக் கட்டி எல்லாக் கட்சியும் பட்டா தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் நம்பினேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். கரண்ட் பில்லோ வீட்டு வரி ரசீதோ இருப்பதால் அந்த இடம் ஒருவருக்குச் சொந்தம் ஆகிவிடாது. புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கும் கனெக்ஷன் வரும், வரியும் போடுவார்கள். பார்க்க வேண்டியது நிலத்தின் பதிவேட்டை. ஊருக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேடு. வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர நில அளவை எண்) தெரிந்தால் தமிழக அரசின் இ-சேவை தளத்தில் செல்போனிலேயே பார்க்கலாம், காசு கிடையாது. அதில் ஒரு மனிதர் பெயர் இருக்க வேண்டும். "சர்க்கார் புறம்போக்கு" என்று இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது என்ன வகைப் புறம்போக்கு என்பது. ஆட்சேபனையற்ற புறம்போக்கு என்றால் என்றைக்காவது வரன்முறை செய்து பட்டா கொடுக்க வாய்ப்பு உண்டு. வாய்க்கால், ஏரி, ஆறு, குளம் என்று இருந்தால் எந்த எலெக்ஷன் முடிந்தாலும் கஷ்டம். நீர்நிலையில் பட்டா கொடுக்கக்கூடாது என்று கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. நான் குடியேறிய வீட்டின் டி.எஸ். எண்ணைப் போட்டுப் பார்த்தால் "வாய்க்கால்" என்று வருகிறது. இதைப் பார்க்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. பார்த்தது 2022-இல், வீடு இடிந்த பிறகு.

பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர், எண்பதைத் தாண்டியவர், ஒரு காகிதத்தை லேமினேஷன் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். வீட்டுப் பத்திரம் என்று பெருமையாகக் காட்டினார். வாங்கிப் படித்தால் அது பி-மெமோ. அரசு நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறீர்கள், அதற்கு அபராதம் கட்டுங்கள் என்று வருவாய்த்துறை கொடுக்கிற தாள். இத்தனை வருடமாக இங்கே இருந்தோம் என்று காட்ட அது உதவும், அதற்காகப் பத்திரமாக வைத்திருப்பது சரிதான். ஆனால் ஆக்கிரமிப்பு என்று சொல்கிற தாளே அதுதான். அன்றைக்கு அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கே அப்போது உறைக்கவும் இல்லை. அவர் வீடு நிற்பது ஆக்கிரமிப்பு நிலம் என்றால் ஒட்டினாற்போல் இருக்கும் என் வீட்டு நிலம் மட்டும் என்னவாம்?

அந்த வீட்டில் வாழ்ந்த மூன்று வருடத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். வேலூர் வெயில் தெரியாதவர் இல்லை. அக்னி நட்சத்திரத்தில் அந்த ஷீட்டுக்குக் கீழே பகலில் உட்கார முடியாது. கோணிப்பையை நனைத்துக் கூரைமேல் போடுவோம், ஒரு மணி நேரத்தில் காய்ந்து மொறமொறவென்று ஆகிவிடும். ராத்திரி பதினொரு மணிக்கும் சுவரில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரிச் சுடும். வெளியே படுக்கலாம் என்றால் கால்வாய்க் கொசு. முதல் அக்டோபரிலேயே பெண்ணுக்குக் காய்ச்சல், ஐந்து நாள் ஆஸ்பத்திரியில், 7,000 ரூபாய் செலவு. தெருக்குழாயில் தண்ணீர் எந்த நாள் வரும் என்பதும் எத்தனை மணிக்கு வரும் என்பதும் அந்தக் குழாய்க்கே தெரியாது. நான் கடைக்குப் போய்விட்டால் குடத்தை வரிசையில் வைக்க ஆள் இல்லை. எதிர்வீட்டு ஆயாவுக்கு மாதம் 200 ரூபாய் கொடுத்துப் பிடித்து வைக்கச் சொன்னேன். கரண்டுக்கு நான்கு வீட்டுக்கும் ஒரே மீட்டர். அப்போது வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தந்தது அல்லவா, அந்த நூறு அக்காவோடு நின்றுவிடும், எங்களிடம் யூனிட்டுக்கு 9 ரூபாய். இதையெல்லாம் கூட்டினால் நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த வாடகையில் பாதி ஏற்கெனவே கரைந்திருந்தது.

பெண்பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீடு பார்க்கப் போகும்போது கக்கூசை ராத்திரியில் போய்ப் பாருங்கள். அங்கே விளக்கு இருக்கிறதா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, போகிற வழி எப்படி. நான் பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்த்தேன். மூன்று வருடமும் ராத்திரியில் அவள் எழுந்தால் நானும் டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

இவ்வளவு சொன்னாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. 2020-இல் ஊரடங்கு வந்து கடை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, வாடகை கேட்டு ஆள் வராத வீட்டில் இருக்கிறோமே என்று தினமும் சாமியைக் கும்பிட்டேன். அந்தச் சந்தில் ஒரு வீட்டில் குழம்பு வைத்தால் நாலு வீட்டுக்குப் போகும். மோசமான வீடுதான், மோசமான மனிதர்கள் இல்லை.

வேலூரைப் பற்றிக் கேலியாகச் சொல்வார்கள், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று. 2021 நவம்பரில் அந்தத் தண்ணீர் இல்லாத பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. கால்வாய்த் தண்ணீர் வடிய வழியில்லாமல் சந்துக்குள் திரும்பியது. ராத்திரி ரெண்டு மணி இருக்கும், பாயில் படுத்திருந்த பெண்ணின் முதுகு நனைந்து எழுந்தாள். விளக்கைப் போட்டால் என் செருப்பு அறைக்குள் மிதந்துகொண்டு வருகிறது. கேஸ் சிலிண்டரை மேடைமேல் தூக்கி வைத்தேன். புத்தகப் பையையும் ரேஷன் அரிசியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். அடகுச் சீட்டு இருந்த தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில், அது ஞாபகமே வரவில்லை. மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் ஆறு நாள் இருந்தோம். அந்த வாரம்தான் பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். வகுப்பறையில் யாரோ அந்தச் செய்தியைச் செல்போனில் சத்தமாக வைத்துக் கேட்டார்கள். ஈரம் ஏறிய எங்கள் மண்கலவைச் சுவரை நினைத்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது. திரும்பி வந்தபோது சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் மேலே வந்துவிடும்.

(இதையும் வீடு பார்க்கும்போதே பார்க்கலாம். புதுசாக அடித்த பெயிண்டை நம்பாதீர்கள். கதவு நிலைச் சட்டத்தின் அடிப்பாகத்தைப் பாருங்கள், மரம் உப்பிக் கறுத்திருந்தால் தண்ணீர் வந்த வீடு.)

வெள்ளத்துக்குப் பிறகு அளக்க வந்தார்கள். சிவப்புப் பெயிண்டில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு எண் எழுதினார்கள். 2022 தொடக்கத்தில் கணக்கெடுப்பு. ஒவ்வொரு வீட்டிலும் யார் இருக்கிறார்கள், ஆதார், கைரேகை, போட்டோ. நான் அன்று கடையில். என் வீட்டு வாசலில் அக்காவின் மகனும் மருமகளும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் எதிர்வீட்டு ஆயா சொல்லித்தான் தெரியும். போய்க் கேட்டேன். "வூடு என்னுது தானே பாப்பா, உன் பேரை எதுக்கு எழுதணும்? உன் துட்டு உனக்கு வந்துடும்" என்றார். சரி, பணம்தானே என்று வந்துவிட்டேன்.

நான் செய்ததிலேயே பெரிய தப்பு போக்கியம் போட்டது அல்ல, அன்றைக்குச் சும்மா திரும்பி வந்ததுதான். புறம்போக்குக் குடியிருப்பில் வீட்டை எடுத்தால் மாற்று வீடு அந்தக் கணக்கெடுப்புப் பட்டியலைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். முன்பு குடிசை மாற்று வாரியம் என்போமே, 1970-இல் தொடங்கியது, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது, அவர்கள் கட்டிய அடுக்குமாடியில் ஒதுக்கீடு கிடைக்கப் பட்டியலில் பெயர் வேண்டும். குடியிருந்ததற்கு ஆதாரம் வேண்டும், குடும்பத்தில் யாருக்கும் எங்கேயும் கான்கிரீட் வீடு இருக்கக்கூடாது. பிரதமர் வீட்டுத் திட்டப் பணம் சேர்ந்த வீடு என்றால் குடும்பத்துப் பெண் பெயரில் அல்லது இருவர் பெயரிலும் கொடுப்பார்கள். இந்தத் தகுதியெல்லாம் எனக்கு இருந்தது. ஆதாரம் மட்டும் இல்லை. குடிவந்த அன்றே அக்கா ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: ரேஷன் கார்டையும் ஓட்டர் ஐடியையும் இந்த அட்ரசுக்கு மாற்றக்கூடாது. ரேஷன் கடைக்குச் சத்துவாச்சாரிக்கு நடப்பது ஒரு சிரமமா என்று நானும் ஒத்துக்கொண்டேன். அந்த நிபந்தனை எதற்கென்று மூன்று வருடம் கழித்துத்தான் புரிந்தது. இப்படிப்பட்ட இடத்தில் யாராவது உங்களிடம் அட்ரஸை மாற்றாதே என்றால், அவருக்குக் கணக்கெடுப்பைப் பற்றி ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் பள்ளிக்கூட அட்மிஷன், கேஸ் புக், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எதிலாவது அந்தக் கதவு எண்ணை ஏற்றி வையுங்கள். கணக்கெடுப்பு அன்று ஒரு நாள் கூலி போனாலும் வீட்டில் இருங்கள்.

மே மாதம் பணத்தைக் கேட்டேன். அடுத்த போக்கியத்துக்கு ஆள் வந்ததும் வாங்கித் தருகிறேன் என்றார். போக்கியத்தில் இதுதான் வழக்கம், நாம் கொடுத்த பணம் கொடுத்த அன்றே செலவாகிவிடும், அடுத்தவர் பணத்தில்தான் நமக்கு வரும். சிவப்பு எண் போட்ட வீட்டுக்கு எவர் வருவார்? ஜூன் மாதம் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள், மூன்று வாரக் கெடு. யாருக்கும் நம்பிக்கை வரவில்லை, இதுக்கு முன்னாலும் ஒட்டினாங்க என்றார்கள். கெடு முடிந்த மறுநாள் காலை முதலில் ஈ.பி. ஆட்கள் வந்து கம்பத்தில் லைனை வெட்டினார்கள். அப்புறம் போலீஸ், அப்புறம் ஜேசிபி. சாமான் ஏற்றக் குட்டியானை வண்டிக்கு 1,200 ரூபாய் கேட்டான், பேரம் பேச நேரமில்லை. என் அறை விழ ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பழுப்புக் கோடு இருந்த சுவர் அப்படியே பலகை மாதிரி உள்பக்கம் சாய்ந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா லேமினேஷன் போட்ட தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எதிரில் வந்த ஒவ்வொருவரிடமும் நீட்டினார்.

அக்காவின் மகனுக்கு ஊருக்கு வெளியே வாரியத்தில் வீடு ஒதுக்கினார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை மனு கொடுத்தேன், நானே டைப் அடித்து. பட்டியலில் பெயர் இல்லை என்று பதில் வந்தது. போலீஸ் ஸ்டேஷனில் சிவில் மேட்டர்மா என்றார்கள். அக்கா தானே அந்த இடத்தை 60,000 கொடுத்து வெள்ளைத்தாளில் வாங்கியவர்தான், என்னை மாதிரியே அழுதார். கோபப்படவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. சங்கிலி அதற்குள் ஏலத்துக்குப் போய்விட்டது.

கடைக்கு வரும் ஒரு வக்கீல் குமாஸ்தாதான் வழி சொன்னார். சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம், வக்கீல் ஃபீஸ் கிடையாது. கேஸ் போடுவதற்கு முன்னாலேயே மனு கொடுத்தால் எதிராளிக்கு நோட்டீஸ் அனுப்பி உட்காரவைத்துப் பேசுவார்கள். அங்கே இருந்த வக்கீலம்மா என் பத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இதை ரிஜிஸ்டர் பண்ணலையா?" நூறு ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வீட்டை அடமானமாக வைத்துப் போக்கியம் போட்டால் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டுமாம். ஒரு வருடத்துக்கு மேல் குத்தகை என்றாலும் அப்படித்தான். பதிவு செய்யாத தாள் வீட்டின்மீது எந்த உரிமையும் தராது. பதிவு செய்வதில் இன்னொரு நன்மையும் இருந்திருக்கும். பதிவுக்குப் போயிருந்தால் மூலப் பத்திரம் கேட்டிருப்பார்கள், அக்காவிடம் அது இல்லை என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும். செலவு என்று பயந்து எல்லோரும் தவிர்க்கிற அந்தப் படியில்தான் நான் தப்பித்திருப்பேன்.

என்னைக் காப்பாற்றியது அந்தத் தாள் இல்லை, பேங்க் பாஸ்புக். ஒரு லட்சத்தை அக்கா கணக்குக்கு நேராகப் போட்டிருந்தேன், அந்த வரி அச்சாக இருந்தது. கையில் கொடுத்த ஐம்பதாயிரத்துக்குச் சாட்சி இல்லை, தாளில் எழுதியிருந்தும் முழுசாக வாங்கவே இல்லை என்று சாதித்தார். பணம் திரும்பக் கேட்டுக் கேஸ் போடப் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு, அதனால் இழுக்காதே, கிடைப்பதைப் பேசி எழுதி வாங்கு என்றார் வக்கீலம்மா. நான்கு தடவை உட்கார்ந்தோம். ஒவ்வொரு தடவையும் எனக்கு அரைநாள் சம்பளம் பிடித்தம். கடைசியில் 85,000 என்று முடிவானது, மாதம் 5,000 வீதம். பதினேழு தவணையும் வந்து சேர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. தீபாவளி மாதத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை.

இப்போது காகிதப்பட்டறையில் வாடகைக்கு இருக்கிறோம், 4,500 ரூபாய், தனிக் கக்கூஸ், ரேஷன் கார்டு இந்த அட்ரசில். அட்வான்ஸ் 20,000 கடை முதலாளி கொடுத்தார், சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். பெண் பதினொன்றாவது முடித்துவிட்டாள். மழை இருட்டினால் மட்டும் இன்னும் புத்தகப் பையை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிடுவாள்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள், இடுப்பில் குழந்தை. வாரியம் ஒதுக்கிய ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போக்கியம், இரண்டு லட்சம், பத்திரம் அடிக்க வேண்டும் என்றாள். ஒதுக்கீடு யார் பேரில் என்று கேட்டேன், யாரோ ஒரு அண்ணன் பேர் சொன்னாள். வாரிய வீட்டை வாடகைக்கோ போக்கியத்துக்கோ விடக்கூடாது, தெரிந்தால் ஒதுக்கீட்டையே ரத்து செய்வார்கள், உன் பணத்தை அப்போது யாரிடம் கேட்பாய் என்றேன். என் கதையையும் சொன்னேன், இந்த எண்பத்தைந்தாயிரம் வரைக்கும். பொறுமையாகத்தான் கேட்டாள். "சரிக்கா, வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று போனாள். அரைமணி கழித்து டீ குடிக்க வெளியே வந்தால், இரண்டு கடை தள்ளி முத்திரைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நின்றாள்.